பந்து குடித்த எண்ணெய்: வாளியா, வெயிலா, டிஷ்வாஷரா?

இது கிரிக்கெட் அல்ல, லேன் என்ற நீண்ட பலகைப் பாதையில் கனமான பந்தை உருட்டி, பின் எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங். சொந்தப் பந்து வைத்திருக்கிற பௌலிங்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் வந்துவிடும் புலம்பல் இது: "வாங்கினப்போ என்னமா திரும்புச்சு, இப்ப கம்பி மாதிரி நேரா போகுது மச்சான்." பந்தைச் செய்த நிறுவனம், லேன், தன் மணிக்கட்டு என்று எல்லாவற்றையும் திட்டி முடித்த பிறகு பேச்சு எண்ணெயில் வந்து நிற்கும். லேனில் பூசியிருக்கும் எண்ணெயைப் பந்து குடித்துவிட்டது, அதை வெளியே எடுக்க வேண்டும். எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம். வாளி வெந்நீர் என்பார் ஒருவர். டிஷ்வாஷரில் போடு என்பார் இன்னொருவர். மொட்டைமாடி வெயில், ஹேர் ட்ரையர், பழம் உலர்த்தும் பெட்டி, முல்தானி மிட்டி, தின்னர் என்று பட்டியல் நீளும்.

பெங்களூரில் ஒரு சாதாரண அடுக்ககத்தில், ஒரு குளியலறையையும் ஒரு பால்கனியையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாளி வெந்நீர். எண்ணெயை அதிகம் எடுப்பது அதுதான் என்று சொல்ல மாட்டேன். உலர்த்தும் பெட்டி இன்னும் நன்றாகவே எடுக்கும். ஆனால் வாளியில் ஊற்றிய வெந்நீர் அந்த நொடியிலிருந்து ஆறத்தான் முடியும், ஏற முடியாது. நடுவில் போன் வந்து அரை மணி நேரம் மறந்துபோனாலும் பந்துக்கு ஒன்றும் ஆகாது. மற்ற முறைகளில் சூடு நம்மை அறியாமல் ஏறிக்கொண்டே போகவோ, ஓரிடத்தில் குவியவோ வழி இருக்கிறது. எண்ணெய் பந்தை மாதக்கணக்கில் கெடுக்கிறது. சூடு ஒரே பிற்பகலில் கெடுத்துவிடும்.

எண்ணெய் எப்படி உள்ளே போகிறது

பந்தை விடுகிறவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முதல் 40 அடி வாக்கில் இயந்திரம் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசிவிட்டுப் போகும். மினரல் ஆயிலை அடிப்படையாகக் கொண்ட எண்ணெய் அது. ஒரு லேனுக்கு மொத்தமே இருபது, முப்பது மில்லிதான். லேன் பலகையைக் காப்பதற்காக ஆரம்பித்த வழக்கம், இன்று ஆட்டத்தையே தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. பந்து திரும்பி வரும்போது அதன் மேல் வளையம் வளையமாகத் தெரியும் ஈரக்கோடுகள் இந்த எண்ணெய்தான்.

பிளாஸ்டிக் பந்து காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பிளாஸ்டிக் எதையும் குடிக்காது. 1980களின் தொடக்கத்தில் யூரிதேன் பந்துகள் வந்தன. அவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்ததும் கதை மாறியது. யூரிதேனோடு பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் ரசாயனத்தைச் சேர்த்து வார்க்கும்போது மேலுறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. லேன் மேல் இருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் உடனே இழுத்துக்கொள்வதால் பந்துக்கும் லேனுக்கும் நடுவில் வழுக்கல் குறைகிறது, பந்து பிடித்துத் திரும்புகிறது. திரும்பக் காரணமும் அந்தத் துளைதான், நாளடைவில் திரும்பாமல் போகக் காரணமும் அந்தத் துளைதான். மீன்குழம்பு வைத்துப் பழகிய மண்சட்டியை வெறும் அடுப்பில் வைத்தால் எண்ணெய் வியர்க்குமே, அதே சங்கதி. எவ்வளவு தேய்த்துத் துடைத்தாலும் வராதது, சூடு பட்டால் வரும்.

ரியாக்டிவிலும் எல்லாம் ஒரே மாதிரி குடிப்பதில்லை. மங்கலான மேற்பரப்புள்ள சாலிட் வகை வேகமாகக் குடிக்கும். முத்துப் பளபளப்புள்ள பேர்ல் வகை மெதுவாக. இரண்டையும் கலந்த ஹைப்ரிட் நடுவில். அதனால் நண்பன் அறுபது கேமுக்கு ஒருமுறை எண்ணெய் எடுக்கிறான் என்பதற்காக உங்கள் பேர்ல் பந்துக்கும் அதே கணக்கைப் போட வேண்டியதில்லை. சர்ச் ஸ்ட்ரீட்டானாலும் மாலானாலும், சென்டர்களில் அடுக்கியிருக்கும் ஹவுஸ் பந்துகளும், ஸ்பேர் எடுக்க (முதல் உருட்டலில் விழாத பின்களை வீழ்த்த) நாம் வைத்திருக்கும் பந்தும் பெரும்பாலும் பிளாஸ்டிக். அவற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும், இந்தக் கட்டுரையை அத்தோடு மூடிவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: குற்றவாளி எண்ணெய்தானா?

பந்து சோர்ந்துவிட்டது என்றதும் நேராக வெந்நீர் போடப் போகிறவர்கள் அதிகம். நான் அதற்கு முன்னால் ஒரு படியை வைப்பேன். பந்து ஒவ்வொரு முறையும் லேனில் உரசி, பின்களில் மோதி, பின்னால் இருக்கும் குழியில் விழுந்து, பெல்ட்டில் ஏறித் திரும்பி வருகிறது. தொழிற்சாலையில் கொடுத்த சொரசொரப்பு இதில் மெல்ல மழுங்கிப் பளபளப்பாகிவிடும். பளபளப்பான பந்து எண்ணெய் குடிக்காமலேயே வழுக்கும். அதற்கு வெந்நீர் வைத்தியம் பலிக்காது.

சோதனை எளிது. 2000 நம்பர் அப்ரலான் பேடு (பந்தைத் தேய்க்கும் உரசல் பட்டை, நம்பர் கூடக்கூட நைசாகத் தேய்க்கும்) ஒன்றை நனைத்து, பந்தைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் சமமாகத் தேயுங்கள். தேய்த்த பிறகு பந்து பழையபடி திரும்பி, அப்படியே நீடித்தால் பிரச்சினை பளபளப்புதான். ஒன்றிரண்டு கேம் திரும்பிவிட்டு மறுபடி சோம்பினால் உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு: நன்றாகத் துடைத்துப் பையில் வைத்த பந்து, ஏப்ரல் மாதத்து வெக்கையில் இரண்டு நாள் கிடந்த பிறகு தொட்டால் பிசுபிசுக்கும். அப்போது சந்தேகமே வேண்டாம்.

எந்த முறைக்கும் பொதுவான வரம்பு

எண்ணெயை இளக்கி மேலே கொண்டுவரச் சூடு வேண்டும். ஆனால் பந்து ஒரே பொருளால் ஆனதல்ல. உள்ளே கோர் என்ற நடுக்கட்டி, அதைச் சுற்றி நிரப்புப் பொருள், வெளியே மேலுறை. சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விரியும். மேலுறை மட்டும் சட்டென்று சூடாகி, அல்லது சட்டென்று ஆறி, உள்ளே இருப்பது பின்தங்கினால் விரிசல் விடும். போதாக்குறைக்கு, அதிகச் சூட்டில் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிசைசரும் வெளியேறும். "பாத்தியா எவ்வளவு எண்ணெய் வந்துச்சு" என்று சந்தோஷப்படுகிறவர் துடைத்து எறிவது பந்தின் உயிராகவும் இருக்கலாம்.

60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பந்துக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. நான் இன்னும் இறக்கி, 50 முதல் 55 வரை போதும் என்பேன். எண்ணெய் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம். விட்ட விரிசலை யாராலும் ஒட்ட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கமும் கூரியரும் கட்டி, விரலளவு பார்த்துத் துளைபோட்ட பந்து என்றால் இந்த ஐந்து டிகிரி தயக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

இந்த வரம்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருக்கும் சாதனங்களைப் பார்த்தால் பாதி தானாகவே கழிந்துவிடும்.

சமையலறையிலிருந்து கழிபவை

ஓடிஜி அடுப்பு முதலில் போகட்டும். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஓடிஜிகளின் திருகில் முதல் அளவே 100 டிகிரி. அதற்குக் கீழே எதையோ வைத்து "லேசா சூடு பண்றேன்" என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதுதான். ஏர் ஃப்ரையரில் பந்து நுழையாது. குறுக்களவு ஏறக்குறைய 21.7 சென்டிமீட்டர். இட்லிக் குண்டானில் ஆவி காட்டலாமா என்று கேட்ட ஒரு நண்பரிடம் ஆவி எத்தனை டிகிரி என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை.

டிஷ்வாஷர் அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியாத கட்சி. அமெரிக்காவில் வெகுநாளாகச் செய்துவருகிறார்கள். சூடு, சோப்பு, நீர் மூன்றும் சேர்ந்து கிடைப்பதால் எண்ணெய் நன்றாகவே வரும். சிக்கல் எங்கே என்றால், நாம் தேர்ந்தெடுக்கும் சுற்று எத்தனை டிகிரி என்பது ஒரு கணக்கு, நடுவில் எந்த நிமிடம் எவ்வளவு ஏறும் என்பது இன்னொரு கணக்கு. நம் நாட்டுக்கென்று வைத்திருக்கும் கடாய் கழுவும் சுற்று 70 டிகிரிக்குப் போகும். தணிந்த சுற்றைத் தேர்ந்தெடுத்தாலும், பாத்திரம் சீக்கிரம் உலரட்டும் என்று கடைசி அலசலுக்கு நீரை நன்றாகச் சூடாக்கும் இயந்திரங்கள் உண்டு. அப்போது கதவைத் திறந்து வெப்பமானி வைத்துப் பார்க்க முடியாது. இயந்திரத்தின் கையேட்டில் ஒவ்வொரு கட்டத்தின் வெப்பமும் போட்டிருந்து, எதுவும் 55-ஐத் தாண்டவில்லை என்று உறுதியானால் செய்யுங்கள் என்று ஒப்புக்குச் சொல்கிறேன். ஏழு கிலோவுக்குப் பக்கத்தில் வரும் குண்டைக் கீழ்த்தட்டின் ஒரே இடத்தில் வைப்பது அந்தத் தட்டுக்கும் நல்லதல்ல. வீட்டில் அம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஹேர் ட்ரையர் ஏமாற்றும். பக்கத்தில் பிடித்தால் அது படும் இடம் சில நொடிகளில் வரம்பைத் தாண்டிவிடும், பந்தின் மறுபக்கம் சில்லென்று இருக்கும். தள்ளிப் பிடித்தால் கை வலிக்குமே தவிர எண்ணெய் வராது. ஆட்டம் முடிந்து வந்து துடைத்த பிறகும் ஒரு வளையம் மட்டும் பிசுபிசுக்கிறது என்றால், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பந்தைச் சுற்றிக்கொண்டே இளஞ்சூடு காட்டித் துடைக்கலாம். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் பக்கமே போக வேண்டாம்.

வெயில்

செலவே இல்லாதது என்பதால் இதற்கு ரசிகர்கள் அதிகம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். நிழலில் 30 டிகிரி இருக்கும் மார்ச் மாத மத்தியானத்தில்கூட, கறுப்புப் பந்தின் மேற்பகுதியைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். அடிப்பகுதி தரையின் சூட்டோடு நிற்கும். ஒருபக்கச் சூடு என்பதுதான் இதன் கேடு. வெளிர்நிறப் பேர்ல் பந்து இவ்வளவு சூடாகாது.

காலை பத்து மணிக்கு முன்னால், ஒரு துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அதன் மேல் பந்தை வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பித் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார முடிந்தால் வெயில் மோசமில்லை. உட்கார முடியாது என்றால் வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மேகம் இந்த யோசனையையே எடுத்துக்கொண்டு போய்விடும். கார் டிக்கியில் வைத்து நிறுத்திவிட்டு அலுவலகம் போவதை ஒரு முறையாகவே எண்ணக் கூடாது. மூடிய கார் எத்தனை டிகிரிக்குப் போகும் என்று யாரும் பார்ப்பதில்லை, வெளிவரும் எண்ணெயைத் துடைக்கவும் ஆள் இல்லை. ஆறும்போது கொஞ்சம் மறுபடி உள்ளேயே போகும்.

தின்னர், அசிட்டோன், முல்தானி மிட்டி

சூடே வேண்டாம், ரசாயனத்தால் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1973-இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்யூன் தன் பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்தார். மேற்பரப்பு மெத்தென்று இளகி லேனைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு ஆறு பட்டங்கள் வென்று, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். மற்றவர்களும் வாளி வாளியாகக் கரைப்பானை வைத்துக்கொண்டு கிளம்ப, பந்தின் மேற்பரப்பு இவ்வளவு கடினமாவது இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பெயின்ட் கடைத் தின்னரும் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் அதே சாதி. எண்ணெயை எடுப்பதோடு நிற்காமல் மேலுறையையே தொட்டுவிடும். போட்டிக்கான அனுமதிப் பட்டியலில் அசிட்டோனுக்கு இடமில்லை.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் இதற்கு விலக்கு. எஸ்.பி. ரோட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் அதே திரவம்தான். மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, ஆட்டம் முடிந்த கையோடு பந்து கதகதப்பாக இருக்கும்போதே துடைத்தால் மேல்மட்ட எண்ணெய் உள்ளே இறங்குவதற்குள் வந்துவிடும். ஏற்கெனவே ஆழத்தில் இறங்கியதை அது எடுக்காது. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கை சானிடைசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது பந்தின் மேல் ஒரு படலத்தை விட்டுப்போகும். இன்னொன்று: அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிப்படி 2020 ஆகஸ்ட் முதல் ஆட்டத்தின் நடுவில் உலர்ந்த துணி மட்டுமே அனுமதி. எந்தத் திரவமும் ஆட்டத்துக்கு முன்போ பின்போதான்.

முல்தானி மிட்டியைக் குழைத்துப் பூசிக் காயவிடுவது நம்மூர்க் கண்டுபிடிப்பு. வெளிநாட்டில் பூனைக்குப் போடும் களிமண் பொடியில் பந்தைப் புதைத்து வைப்பவர்கள் உண்டு, தத்துவம் ஒன்றுதான். களிமண் எண்ணெயை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் மேலே வந்து நிற்கும் எண்ணெயைத்தான் இழுக்கும். உள்ளே இருப்பது மேலே வரச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டால் துண்டே போதும்.

உலர்த்தும் பெட்டியும் வாளியும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். பழமும் கீரையும் உலர்த்தும் மின்பெட்டியில் சூட்டை 35-லிருந்து 70 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளலாம், விசிறி காற்றைச் சுழற்றுவதால் பந்தின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சூடாகும். பந்து விற்று, துளைபோட்டுத் தரும் ப்ரோ ஷாப்புகளில் பந்துக்கென்றே இருக்கும் சூட்டுப்பெட்டியின் ஏழை உறவினர் என்று சொல்லலாம். வட்டத் தட்டு வகையாக இருந்தால் அடித்தட்டு தவிர மற்றவற்றின் நடுவலையை வெட்டி எடுத்து, அடுக்கி, உள்ளே பந்தை வைக்க வேண்டும். 50-இல் ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, வியர்த்திருக்கும் எண்ணெயைத் துடைத்து, திருப்பி வைத்து, வியர்ப்பது நிற்கும்வரை தொடரலாம். தண்ணீர் கிடையாது, விரல்துளைகளை அடைக்க வேண்டியதில்லை, வரும் எண்ணெய் துண்டில் மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் எடுப்பதில் வாளியை இது வெல்லும்.

ஆனால் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, தட்டை வெட்டிய பிறகு அது பந்துப்பெட்டிதான், மாம்பழ வற்றல் போட உதவாது. உள்ளூரில் கிடைப்பவற்றில் பல சின்னவை, 22 சென்டிமீட்டர் குண்டு உள்ளே உட்காருமா என்று அளந்துதான் வாங்க வேண்டும். மலிவான பெட்டிகளில் திருகு காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து ஒருமுறை வெறும் பெட்டியாக ஓட்டிப் பார்ப்பது அவசியம். இரண்டு மூன்று ரியாக்டிவ் பந்து வைத்து, வாரம் தவறாமல் லீக் ஆடுகிறவருக்கு இந்தச் செலவு நியாயம். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒற்றைப் பந்துக்காரருக்கு அது வேண்டாத பொருள்.

வாளிக்கு வருவோம். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று இருந்தால் பந்து தாராளமாக உட்காரும், அது மூழ்க ஏறக்குறைய பத்து லிட்டர் தண்ணீர் போதும். அடியில் ஒரு பழைய துண்டைப் போட்டுவிடுங்கள்.

மேற்பரப்பை வெந்நீருக்கு முன்னால் 500 நம்பர் பேடால் ஒருமுறை தேய்த்துவிட்டால் அடைபட்ட துளைகள் திறக்கும். பிறகு ஆல்கஹாலால் விரல்துளைகளைச் சுற்றித் துடைத்து, பேக்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி அவற்றை அடைக்க வேண்டும். எண்ணெய்ப்பசை மேல் ஒட்டிய டேப் சோப்பு வெந்நீரில் ஐந்து நிமிடம் தாங்காது. விரல் கிரிப்புகள் பசையில் நிற்பவை, சூட்டில் விட்டுப்போகலாம். கழற்றக்கூடிய கட்டைவிரல் குழாய் என்றால் கழற்றிவிடலாம். துளைகளை அடைக்காமல் போடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. துளைக்குள் தெரிவது மேலுறை அல்ல, உள் நிரப்பு. அதற்குள் சோப்புத் தண்ணீர் போவதை நான் விரும்ப மாட்டேன்.

தண்ணீரின் சூடுதான் முக்கியம். பெங்களூரின் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குழாய்த் தண்ணீர் 23 டிகிரி என்று வைத்தால், கொதிநீரும் குழாய் நீரும் சரிபாதி கலக்கும்போது 60 வரும். வாளியும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 55-க்கு வரும்வரை பச்சைத்தண்ணீர் விட்டுப் பிறகு பந்தை இறக்குங்கள். ஸ்டோரேஜ் கீசரின் தெர்மோஸ்டாட்டை 60-இல் வைத்துப் பிடித்தால் இன்னும் சுலபம். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருக்கும் வீடுகளில் வெயில் நாளின் பிற்பகலில் வரும் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும், நம்பி அப்படியே பிடிக்காதீர்கள். எதுவானாலும் சமையலறை டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42-ஐத் தாண்டிக் காட்டாது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பந்து உள்ளே இருக்கும்போது தண்ணீர் ஆறிவிட்டதே என்று ஹீட்டர் ராடை வாளியில் போடக் கூடாது. நம் வீடுகளில் கை தன்னால் அதன் பக்கம்தான் போகும். ராடைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் மேலுறை வெந்துவிடும், மின்சார ஆபத்து வேறு. ஆறினால் ஆறட்டும். அந்த ஆறும் குணத்துக்காகத்தானே வாளியைத் தேர்ந்தெடுத்தோம்.

பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று கரண்டி விட்டால் மேலே வரும் எண்ணெய் பந்தில் ஒட்டாமல் தண்ணீரோடு போகும். பார் சோப்பு வேண்டாம், அதில் உரசும் பொடி இருக்கும். 12 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பந்து மூழ்கிவிடும். 11 பவுண்டும் அதற்குக் கீழும் மிதக்கும். அப்படிப்பட்ட பந்தை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இருபது நிமிடம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பந்துக்கு அடியில் கிடக்கும் துண்டின் முனைகளைத் தூளிபோலப் பிடித்து எடுங்கள். சோப்பில் வழுக்கும் ஏழு கிலோ குண்டு குளியலறை டைல்ஸையும் கால் கட்டைவிரலையும் ஒரே சமயத்தில் உடைக்க வல்லது.

எடுத்த உடனே துடைப்பதில்தான் பாதி பலன். சூடு இருக்கும்வரை எண்ணெய் மேலே நிற்கும், ஆறினால் பின்வாங்கும். மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தித் துடைத்து, நன்றாக ஆறிய பிறகு ஆல்கஹாலால் ஒருமுறை. போர்வெல் தண்ணீர் வரும் பகுதிகளில் இந்தக் கடைசித் துடைப்பை விடவே கூடாது. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு படியும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. துடைத்த பந்தை ஃபேனுக்கோ ஏசிக்கோ நேராக வைக்காமல், வெறும் தரையில் போடாமல், துண்டு மேல் வைத்து டேப்பைப் பிரித்து இரவு முழுக்க விட்டுவிடலாம்.

தண்ணீர் செலவைக் கேட்பவர்கள் கேட்கட்டும், நியாயமான கேள்விதான். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று சொன்ன ஊர் இது. அந்தப் பத்து லிட்டரும் சோப்புத் தண்ணீர். பால்கனியையும் குளியலறைத் தரையையும் கழுவப் போதும். செடிக்கு ஊற்ற வேண்டாம்.

யாருக்கு எது

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே பந்தோடு ஆடுகிறவர் ஆல்கஹால் துடைப்பை ஒழுங்காகச் செய்து, ஐம்பது அறுபது கேமுக்கு ஒருமுறை வாளி வைத்தால் போதும். சாலிட் மேலுறை என்றால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம், பேர்ல் என்றால் தள்ளிப்போடலாம். யூரிதேன் பந்துக்கு இவ்வளவு அடிக்கடி தேவையே இல்லை. பல பந்துகளோடு போட்டிகளுக்குப் போகிறவர் உலர்த்தும் பெட்டிக்குப் போகலாம். பந்தைத் துளைபோட்டவரிடமே சூட்டுப்பெட்டி இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை அவரிடம் கொடுப்பது இரண்டையும்விட நிம்மதி, மேற்பரப்பையும் இயந்திரத்தில் வைத்துச் சீராக்கித் தருவார். புதுப் பந்துக்கு உத்தரவாதம் இருக்கும்போது எந்தச் சூட்டு வைத்தியத்துக்கும் முன்னால் அந்த அட்டையைப் படியுங்கள். சூடு காட்டினால் பொறுப்பில்லை என்று சில நிறுவனங்கள் எழுதியிருப்பார்கள்.

வாளியிலிருந்து எடுத்த பந்தின் மேற்பரப்பு முன்பிருந்தது போல இருக்காது. 500 பேடு போட்டதால் சொரசொரவென்று இருக்கும், அப்படியே ஆடினால் சீக்கிரமே பிடித்துக்கொண்டு பின்களுக்கு முன்பே சக்தியைச் செலவழித்துவிடும். 1000, 2000 என்று ஏற்றி, பந்தின் பெட்டியில் போட்டிருந்த கடைசி நம்பர் வரை வர வேண்டும். இதைச் செய்யாமல் "வெந்நீர் போட்டும் ஆட்டம் சரியில்லை" என்பவர்கள் நிறைய.

இரண்டு முறை வாளி வைத்தும் தண்ணீரில் எண்ணெய்ப் படலமே வரவில்லை, பேடு போட்டும் திரும்பவில்லை என்றால் மேலுறை தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் சூடு காட்டிப் பயனில்லை. தூக்கிப் போடவும் வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் கூட்டம் கூட்டமாக ஆடி முடித்த லேனில் எண்ணெய் இழுபட்டு வறண்டு கிடக்கும். புதுப் பந்து அங்கே கண்டபடி திரும்பி மறுபக்கத்துக்கு ஓடும். சோம்பலான பழைய பந்து அந்த லேனில் சொன்ன பேச்சைக் கேட்கும்.